நூலக வார விழா நவம்பர் 14–20: நம்ம கிளை நூலகத்துல என்னென்ன நடக்குது?

தேர்முட்டி (இழையைத் தொடங்கியவர்) | நவம்பர் 5, 2025, இரவு 8:40

எல்லாருக்கும் வணக்கம். 58-ஆவது தேசிய நூலக வார விழா வருது. 1968-லேருந்து வருஷா வருஷம் நாடு முழுக்க இந்த ஒரே வாரத்துலதான் நடக்குது. ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்துல பேசினதை இங்க போடுறேன். நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகலை. மாத்தணும்னா இப்பவே சொல்லுங்க, அடிச்சு ஒட்டினப்புறம் "என்னை ஒரு வார்த்தை கேக்கலையே"ன்னு வராதீங்க.

15 சனிக்கிழமை காலை புத்தகக் கண்காட்சி திறப்பு. புதுசா வந்த புத்தகக் கட்டுங்க ரெண்டு மூணு பிரிக்காமலே இருந்துச்சு, அதையெல்லாம் பதிவேட்டுல ஏத்தி முத்திரை போட்டு அன்னிக்கே தனி ரேக்குல வைக்கிறதா நூலகர் சொல்லியிருக்காங்க. 16 ஞாயிறு பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, ஓவியம். 17, 18, 19 மூணு நாளும் சாயங்காலம் கருத்தரங்கம், கவியரங்கம். 20 வியாழன் நிறைவு விழா, மாவட்ட நூலக அலுவலர் வர்றதா இருக்கு. புரவலர் (நூலகத்துக்குப் பணம் குடுத்து ஆதரிக்கிறவங்க) சேர்க்கை வாரம் முழுக்க, 1000 ரூபாய்.

ஒரே ஒரு சிக்கல். 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. கிளை நூலகத்துக்கு வார விடுமுறை. விழா தொடங்குற அன்னிக்கு நூலகம் பூட்டிக் கிடக்கும்.

---

கீழவீதிக்காரன் | நவம்பர் 5, இரவு 9:02

முகூர்த்தத்தன்னிக்கு மாப்பிள்ளை லீவு போட்ட கதையால்ல இருக்கு 😄

அது கிடக்கட்டும். கவியரங்கம் மூணு நாளா? போன வருஷம் ஒரே நாள் வச்சதுக்கே மைக் பிடிச்சவங்க கீழ உக்காந்தவங்களை விட அதிகம்.

---

பழைய_வாத்தியார் | நவம்பர் 5, இரவு 9:30

வெள்ளிக்கிழமையை ஏன் சிக்கல் என்கிறீர்கள்? நவம்பர் 14 குழந்தைகள் தினம். பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில்தான் இருப்பார்கள். நூலகம் பூட்டியிருந்தால் புத்தகத்தைப் பள்ளிக்கு எடுத்துப் போவோம். ஒரு நூறு சிறுவர் நூல், இரண்டு மேசை, உறுப்பினர் விண்ணப்பம் ஒரு கட்டு. தொடக்க விழா அங்கேயே நடக்கட்டும்.

இது நம் வட்டாரத்துக்குப் புதிய யோசனையும் அல்ல. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் தொடங்கினார். வண்டி சுற்று வட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் புத்தகம் கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தது. அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் ஊக்கம் இதற்கு உண்டு. அவரும் சீர்காழிக்காரர், நம் காவிரிப் படுகை ஆள்தான். நூலகம் எப்படி இயங்க வேண்டும் என்று அவர் வகுத்த ஐந்து விதிகள் அச்சில் வந்ததும் அதே 1931-இல். நம் பள்ளியோ நூலகத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். அதற்கு வண்டிகூட வேண்டாம்.

---

குரூப்4_கனவு | நவம்பர் 5, இரவு 10:15

வாத்தியார் சார் சொன்ன முதல் யோசனைக்கு நான் ஓட்டு போடுறேன். ஆனா மீதி நாள் கதை என்ன? வாசிக்கிற கூடம் ஒண்ணுதான் இருக்கு. 15-லேருந்து 20 வரைக்கும் மேடை, மைக், நாற்காலின்னா நாங்க எங்க உக்காந்து படிக்கிறது? போன வருஷம் கருத்தரங்கம் நடந்தப்ப நாங்க பத்துப் பேர் சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்து கணக்கு போட்டோம்.

வாசிப்பு விழான்னு சொல்லி வாசிக்கிறவனை வெளியில அனுப்புறது எனக்கு மட்டும்தான் விசித்திரமா படுதா?

---

பழைய_வாத்தியார் | நவம்பர் 5, இரவு 10:31

தம்பி, கோபிக்க வேண்டாம். நீங்கள் படிப்பது உங்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிற கைடு. நூலகப் புத்தகம் ஒன்றைக்கூட எடுக்காமல் காலை முதல் மாலை வரை மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டால், நாளிதழ் பார்க்க வருகிற பெரியவர்கள் நிற்க வேண்டியிருக்கிறது. இதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

---

குரூப்4_கனவு | நவம்பர் 5, இரவு 10:50

யோசிச்சிருக்கேன் சார். எங்க வீடு ஒரு ரூம். அப்பா, அம்மா, தங்கச்சி, டிவி எல்லாம் அதுலதான். கைடு என்னோடது, உண்மைதான். ஆனா பொது அறிவுக்கு ஆறு நாளிதழ் வாங்க எனக்கு வக்கில்லை, அதை அங்கதான் படிக்கிறேன். போட்டித் தேர்வுப் பகுதியில இருக்குற புத்தகம் பழைய பாடத்திட்டம். புதுசா வாங்கி வச்சா கைடை வீட்டுலயே வச்சுட்டு வர்றேன். ரங்கநாதன் அஞ்சு விதின்னு சொன்னீங்களே, "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" அதுல ரெண்டாவது. அந்த வாசகர்ல நானும் சேர்த்திதானே?

---

பழைய_வாத்தியார் | நவம்பர் 5, இரவு 11:04

சேர்த்திதான். நன்றாகக் கேட்டீர்கள். கருத்தரங்கத்தைப் பள்ளிக் கூடத்துக்கே மாற்றலாம் என்று தலைமை ஆசிரியரிடம் நாளைக் காலை பேசுகிறேன்.

---

அக்கரைச்சீமை | நவம்பர் 6, காலை 6:20

சிங்கப்பூர்லேருந்து எழுதுறேன். பொறந்து வளர்ந்தது நம்ம தெற்கு வீதிதான். இங்க தேசிய நூலக வாரியத்தோட எந்தக் கிளையில எடுத்த புத்தகத்தையும் எந்தக் கிளையிலயும் திருப்பிப் போடலாம். ராத்திரி பூட்டினப்புறமும் வெளியில ஒரு பெட்டி இருக்கும், அதுல போட்டுட்டுப் போயிடலாம். தமிழ்ப் புத்தகமும் தாராளமா இருக்கு. நம்ம ஊர்ல இது மாதிரி ஏன் வரமாட்டேங்குது?

என் பங்குக்கு புரவலர் தொகை அனுப்பிடுறேன். மாடியில ரெண்டு அட்டைப்பெட்டி நிறைய பழைய புத்தகமும் இருக்கு. யாராவது வந்து எடுத்துக்கிட்டா நூலகத்துக்கு நன்கொடையா எழுதிக்கலாம்.

---

கீழவீதிக்காரன் | நவம்பர் 6, காலை 7:11

அண்ணே, சிங்கப்பூர் கதை அப்புறம். பெட்டியில என்ன புத்தகம் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க. போன தடவை "நன்கொடை"ன்னு வந்த மூட்டையில 2006 பத்தாம் வகுப்பு கைடு, ஒரு பேங்க் டைரி, கல்யாணத்துல தாம்பூலப் பையோட குடுத்த சுலோகப் புத்தகம் இருபது காப்பி. அதை வாங்க மாட்டேன்னும் சொல்ல முடியாம, அடுக்கி வைக்க ரேக்கும் இல்லாம நூலகர் பட்ட பாடு இருக்கே.

---

அக்கரைச்சீமை | நவம்பர் 6, காலை 7:40

சரி சரி, அம்மாகிட்ட சொல்லி வீடியோ கால்ல பார்த்துப் பட்டியல் போடுறேன். வேணுங்கறதை மட்டும் எடுத்துக்கட்டும்.

---

ரெண்டுபிள்ளை_அம்மா | நவம்பர் 6, பகல் 1:25

சமையல் முடிச்சுட்டு இப்பதான் எல்லாத்தையும் படிச்சேன். மூணு விஷயம் சொல்லணும்.

சிறுவர் புத்தகமெல்லாம் இரும்பு பீரோவுல பூட்டி வச்சிருக்கு. கண்ணாடி வழியா முதுகு மட்டும் தெரியும். என் சின்னவன் போன மாசம் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு "அந்த யானைப் புத்தகம்"னு கேட்டான். சாவி எடுத்து வந்து திறந்து, அவன் ஒரு பக்கம் புரட்டுறதுக்குள்ள "சீக்கிரம், கிழிச்சிடாதே"ன்னு ஒரு குரல். அதுக்கப்புறம் அவன் எதையும் கேக்கலை. விழா வாரம் மட்டுமாவது அந்த பீரோவைத் திறந்து போட்டு, தரையில ஒரு ஜமுக்காளம் விரிங்க. கிழிஞ்சா ஒட்டித் தர நாங்க நாலு அம்மாங்க இருக்கோம்.

ரெண்டாவது, பேச்சுப்போட்டி. அம்மா அப்பா எழுதிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதுக்கு ஞாயித்துக்கிழமை முழுசா போகணுமா? யாராவது பெரியவங்க உக்காந்து ஒரு கதை சொல்லுங்க, பிள்ளைங்க கேக்கட்டும்.

மூணாவது, பரிசு டிபன் பாக்ஸ்தானே இந்த வருஷமும்?

---

தேர்முட்டி | நவம்பர் 6, மாலை 6:10

டிபன் பாக்ஸ் நன்கொடையா வருதுங்க. பாத்திரக்கடைக்காரர் வருஷா வருஷம் குடுக்குறாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது?

---

பழைய_வாத்தியார் | நவம்பர் 6, மாலை 6:45

நூலக விழாவில் பரிசு நூலாகத்தான் இருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

---

மல்லிகை_டெய்லர் | நவம்பர் 6, இரவு 8:05

இடமிருக்கு சார். என் மக ரெண்டு வருஷம் முன்னாடி கட்டுரையில ஜெயிச்ச டிபன் பாக்ஸ்லதான் இன்னிக்கும் சோறு எடுத்துக்கிட்டுப் போறா. மூடியில "நூலக வார விழா"ன்னு பேர் வெட்டியிருக்கு, கிளாஸ் முழுக்கக் காட்டினா. பாத்திரத்தைக் கேவலமா பேசாதீங்க. உள்ளுக்குள்ள ஒரு சின்னப் புத்தகத்தையும் வச்சுக் குடுங்க, ரெண்டும் ஆச்சு.

ஆனா நான் எழுத வந்தது அதுக்கில்லை. என் கடை நூலகத்துக்கு எதிர்ல. பொம்பளைப் பிள்ளைங்க காலையில படிக்க வர்றாங்க, பதினொண்ணு பன்னண்டு மணிக்கெல்லாம் கிளம்பிடுறாங்க. ஆம்பளைப் பசங்க சாயந்தரம் வரைக்கும் இருக்காங்க. ஏன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? கழிப்பறை இல்லை. அதுல ரெண்டு பேர் என் கடைக்குள்ள வந்து, பின்னாடி இருக்குறதை உபயோகிச்சுக்கலாமான்னு கூச்சப்பட்டுக்கிட்டு கேட்டாங்க. வாங்கம்மான்னு சொல்லிட்டேன். இப்ப தினம் அஞ்சாறு பேர் வர்றாங்க. தண்ணி பிடிச்சு வைக்கிறது நான்தான், அதுல ஒண்ணும் வருத்தமில்லை. ஆனா கடைக்கு லீவு விட்ட நாள் அவங்களும் நூலகத்துக்கு வர்றதில்லை.

---

குரூப்4_கனவு | நவம்பர் 6, இரவு 8:30

அக்கா, என் தங்கச்சியும் அதுல ஒருத்தி. அவ மதியத்தோட வீட்டுக்கு வந்துடுறதைச் சோம்பேறித்தனம்னு திட்டிக்கிட்டு இருக்கேன். அவ என்கிட்ட இதைச் சொன்னதே இல்லை.

---

தேர்முட்டி | நவம்பர் 6, இரவு 9:12

கட்டடத்துக்குப் பின்னாடி ஒண்ணு கட்டி, தண்ணி வசதி இல்லாம பூட்டிக் கிடக்குது. நாலைஞ்சு தடவை வாய்மொழியா சொல்லியாச்சு. 20-ஆம் தேதி அலுவலர் வர்றப்ப எழுத்துல குடுப்போமா?

---

கீழவீதிக்காரன் | நவம்பர் 6, இரவு 9:20

நிறைவு விழாவுல, பொன்னாடை போத்தின கையோட கழிப்பறை மனுவா? அவங்க நம்ம கூப்பிட்டு வர்ற விருந்தாளி. மறுநாள் ஆபீசுக்கே நேரா போய்க் குடுக்கலாம்.

---

மல்லிகை_டெய்லர் | நவம்பர் 6, இரவு 9:26

ஆபீஸ் மாவட்டத் தலைநகர்ல. போக வர ஒரு நாள் போயிடும், கடையைப் பூட்டிட்டு யார் போவா? வீடு தேடி வர்றவங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? பொன்னாடைக்கு ஆகுற காசுல ரெண்டு பக்கெட் வாங்கலாம்.

---

மேலத்தெரு_ஊராட்சி | நவம்பர் 7, காலை 9:15

டவுனுக்கு வெளியில பஞ்சாயத்துல இருக்கேன். மனுன்னா ஏன் கெஞ்சுற மாதிரி நினைக்கிறீங்க? உங்க வரி ரசீதை எடுத்துப் பாருங்க. என் ரசீது கையில இருக்கு: வீட்டு வரி 440, அதுக்குக் கீழயே நூலக வரி 44. சொத்து வரியில ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத்துக்குன்னு தனியா வாங்குறாங்க. 1948-ல சென்னை மாகாணத்துல வந்த பொது நூலகச் சட்டத்துலேருந்து வர்ற வழக்கம் இது. அந்தச் சட்டத்துக்குப் பின்னாலயும் ரங்கநாதன்தான் நின்னாரு. உள்ளாட்சி வசூல் பண்ணி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் குடுக்கணும், அதுலேருந்துதான் நூலகம் நடக்கணும்.

நூலகத்துல கால் வைக்காதவனும் வருஷா வருஷம் கட்டிக்கிட்டுதான் இருக்கான். புரவலர் ஆகணும்னா 1000 ரூபாய். வரி கட்டுற நாமெல்லாம் ஏற்கெனவே பாதிப் புரவலர்தானே. தைரியமா கேளுங்க. மனுவோட நாலு ரசீது நகலையும் இணைச்சுடுங்க.

---

பழைய_வாத்தியார் | நவம்பர் 7, காலை 9:50

அருமை. மனுவை நான் எழுதுகிறேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது. தண்ணீர்த் தொட்டி, குழாய் இணைப்பு, கதவுக்குத் தாழ்ப்பாள், இவ்வளவுதான் கேட்கப் போகிறோம். வாசகியர் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.

தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். 14-ஆம் தேதி பள்ளியில் தொடக்கம். 17-ஆம் தேதி கருத்தரங்கமும் அங்கேயே, பள்ளி விட்ட பிறகு.

---

ஆத்தங்கரை | நவம்பர் 7, இரவு 10:05

ரெண்டு நாளா மழையில கரண்ட் இல்லை, இப்பதான் வந்துச்சு. நான் நூலக நண்பர்கள் திட்டத்துல தன்னார்வலரா இருக்கேன். நூலகத்துக்கு வர முடியாதவங்க வீட்டுக்குப் புத்தகம் கொண்டு போய்க் குடுத்து வாங்கி வர்ற வேலை. விழா நிகழ்ச்சியில எங்களுக்கு ஒரு அரை மணி நேரம் வேணும். பேசுறதுக்கில்லை, ஆள் சேர்க்கத்தான். இப்ப ரெண்டே பேர்தான் சைக்கிள்ல சுத்துறோம்.

நான் போற வீட்டுல ஒரு ஆச்சி இருக்காங்க. எண்பதைத் தாண்டினவங்க, இடுப்பு உடைஞ்சு கட்டிலோட இருக்காங்க. சரித்திர நாவல்னா உயிர். நாட்டுடைமை ஆன புத்தகங்கள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துல இலவசமா கிடைக்குது, போன்ல எடுத்துத் தரட்டுமான்னு கேட்டேன். "எழுத்து வழுக்கிக்கிட்டுப் போவுதுடா"ன்னுட்டாங்க. போன வாரம் பழைய பைண்டிங்ல ஒரு தடிப் புத்தகம் கொண்டு போனேன். அவங்க முதல்ல திறந்தது கடைசிப் பக்கம். தேதித் தாள்ல ஊதா மசியில முத்திரை வரிசையா இறங்குது: 1984-ல நாலு, 1985-ல ஏழு, அப்புறம் இடைவெளி விட்டு விட்டு, கடைசி முத்திரை 2009. விரலை வச்சுக்கிட்டு "இந்த எண்பத்தஞ்சு மாசி மாசத்து முத்திரை நானாக்கூட இருக்கும், அப்ப ரெண்டு தடவை எடுத்தேன்"னாங்க. பதினாறு வருஷமா அந்தப் புத்தகத்தை யாரும் தொடலை. அது பரண் மாதிரி உசரத்துல, மேல் தட்டுல இருந்துச்சு.

கண்காட்சியில புதுப் புத்தகம் மட்டும் வைக்காதீங்க. பத்து வருஷமா யாரும் எடுக்காத நல்ல புத்தகமா ஒரு மேசை நிறைய எடுத்து வைங்க. தேதித் தாள் இருக்குற பக்கத்தைத் திறந்தே வைங்க.

---

அக்கரைச்சீமை | நவம்பர் 8, காலை 5:55

அந்த ஆச்சி எந்தத் தெருன்னு கேக்கலை. ஆனா பெரிய எழுத்துப் புத்தகம் கிடைச்சா வாங்கி அனுப்புறேன். என் பட்டியலும் ரெடி: நாவல் 31, சிறுவர் புத்தகம் 12, மீதி எல்லாம் பேங்க் டைரிதான். கீழவீதி, நீங்க ஜெயிச்சீங்க.

---

கீழவீதிக்காரன் | நவம்பர் 8, காலை 7:30

😂 டைரியைக் குடுங்க, எழுதாத பக்கத்தைப் பிள்ளைங்க ஓவியம் வரைய வச்சுக்கலாம்.

ஆத்தங்கரை, எனக்கு சனி ஞாயிறு சும்மாதான். சைக்கிள் இல்லை, டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கு. என்னைச் சேர்த்துக்கோங்க.

---

குரூப்4_கனவு | நவம்பர் 8, காலை 10:40

மேல் தட்டுப் புத்தகங்களைத் தேடி எடுத்துத் துடைக்கிற வேலையை நாங்க பத்துப் பேர் செய்யறோம். ஏணி மட்டும் ஏற்பாடு பண்ணுங்க. ஒரு மணி நேரம் படிப்பு போனா பரவாயில்லை.

புரவலர் பத்தி ஒண்ணு. சுவத்துல பலகையில இருக்குற பேர்ல பாதிப் பேரை நான் ஒரு நாளும் உள்ள பார்த்ததில்லை. அவங்க குடுத்த காசு நல்ல காசுதான், மறுக்கலை. ஆனா நோட்டீஸ்ல "புரவலராகச் சேருவீர்"னு பெரிய எழுத்துலயும் "உறுப்பினராகச் சேருவீர்"னு மூலையிலயும் போடுறதை இந்த வருஷமாவது திருப்பிப் போடுங்க.

---

தேர்முட்டி | நவம்பர் 9, இரவு 7:50

இன்னிக்கு வட்டம் கூடிச்சு, நூலகரும் இருந்தாங்க. நோட்டீஸ் நாளைக்கு அச்சுக்குப் போகுது. மாத்தினது மட்டும் சொல்றேன்.

14 வெள்ளி காலை பள்ளியில தொடக்கம், உறுப்பினர் சேர்க்கை. பிள்ளைங்க ஒரு போட்டோவும் ஆதார் நகலும் கொண்டு வரணும். விடுமுறை நாளா இருந்தாலும் நூலகர் தானே வர்றேன்னுட்டாங்க. 15 கண்காட்சி, ஆத்தங்கரை கேட்ட மேசைக்கு ஜன்னலோர இடம். 16 பேச்சுப்போட்டி காலையில ஒரு மணி நேரத்தோட முடியுது, அப்புறம் மதியம் வரைக்கும் கதை நேரம். சிறுவர் பீரோ வாரம் முழுக்கத் திறந்திருக்கும். நூலகர் முதல்ல தயங்கினாங்க, காணாமப் போனா அவங்க கையிலேருந்துதான் கட்டணும். அம்மாங்க முறை வச்சு உக்கார்றதா சொன்னப்புறம் சரின்னாங்க. அதனால ரெண்டுபிள்ளை அம்மா, நீங்க பேர் போட்ட ஒரு பட்டியல் குடுக்கணும்.

17 கருத்தரங்கமும் கவியரங்கமும் பள்ளியில, ஒரே நாள். கவிதைக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம், மணி அடிச்சுடுவோம். 18, 19 கூடத்துல மைக்கே கிடையாது, படிக்கிறவங்க படிக்கலாம். 20 நிறைவு விழாவுல மனுவை வாசகியர் சார்புல மல்லிகை அக்கா குடுக்குறாங்க. பொன்னாடைக்குப் பதிலா புத்தகம். டிபன் பாக்ஸ் உண்டு, உள்ள புத்தகத்தோட.

மிச்சம் இருக்குறது மழைதான். கண்காட்சி வைக்கிற கூடத்துல வடக்கு மூலை ஒழுகுது.

---

மல்லிகை_டெய்லர் | நவம்பர் 9, இரவு 8:15

நானா மேடையில? ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், மனுவை மட்டும் கையில குடுத்துட்டு இறங்கிடுவேன். கையெழுத்து பதினேழு சேர்ந்திருக்கு. இன்னும் போடாத பொண்ணுங்க கடைக்கு வாங்க.

---

ரெண்டுபிள்ளை_அம்மா | நவம்பர் 9, இரவு 8:40

முறைப் பட்டியல் நாளைக்குக் குடுத்துடுறேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரத்துக்கு மட்டும் ஆள் இல்லை. அப்பாக்களும் ஜமுக்காளத்துல உக்காரலாம், தடை ஒண்ணுமில்லை.

---

மேலத்தெரு_ஊராட்சி | நவம்பர் 9, இரவு 9:05

செவ்வாய் நான் வர்றேன். ஒழுகுற மூலைக்கு நெல்லு மூட்டை மூடுற தார்ப்பாய் ரெண்டு என்கிட்ட சும்மா கிடக்குது. 13-ஆம் தேதி சாயங்காலம் யாராவது டாடா ஏஸ் கொண்டு வந்தா ஏத்தி விடுறேன், ஏணியும் சேர்த்து. மாடியில கட்ட ரெண்டு ஆள் வேணும்.

---

குரூப்4_கனவு | நவம்பர் 9, இரவு 9:08

நாங்க ஏறுறோம். கயிறு மட்டும் வாங்கி வைங்க தேர்முட்டி அண்ணே.